கோமளாவின் நெற்றியில் காவ்யாவின் பட்டை

கோமளாக்கா என்னை இன்றுவரை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுகிறார். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. "மேடம்னு கூப்டாத்தான் நாளைக்கு ஒரு ஒத்தாசைன்னு வந்து நிக்க முடியும்" என்பார். அந்த ஒத்தாசையை அவர் கேட்கவும் கேட்டுவிட்டார். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் அவர் கதை புரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். இணையத்தில் நீட் பயிற்சி நடத்துகிறோம். பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருந்தபடி டேப் என்கிற கைக்கணினியில் பாடம் கேட்பார்கள். உண்மையிலேயே கேட்கிறார்களா என்று கண்டுபிடிக்க நெற்றியில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றைக் கொடுத்திருந்தோம். மூளையின் மின் அலை, நெற்றியில் ஓடும் நாடித்துடிப்பு, தலை அசைவு மூன்றையும் அது பிடித்து, நூற்றுக்கு இத்தனை என்று கவனத்துக்கு மதிப்பெண் போடும். கேமரா வேண்டாம், டேட்டா மிச்சம் என்று பெருமையடித்துக்கொண்டோம். எழுபதுக்குக் கீழே போகிற பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வது என் பொறுப்பு. திண்டுக்கல்லில் கணினிப் படிப்பு முடித்துத் தங்கப்பதக்கத்தோடு சென்னைக்கு வந்தவள், மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை ஊரார் வீட்டுக்குப் போன் போட்டுக் கோள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பதவிக்கு ஆங்கிலத்தில் அழகான பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி என் அம்மா ஊரில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஆவடி வட்டாரத்தில் வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு நிறுவனம் இலவச இடம் கொடுத்தது. டேப் இலவசம், பட்டை இலவசம். நிபந்தனை ஒன்றே ஒன்று. மூன்று வாரம் தொடர்ந்து கவனம் எழுபதைத் தொடாவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். சேக்காட்டைச் சேர்ந்த காவ்யா, பிளஸ் டூ மாணவி, அந்த நாற்பதில் ஒருத்தி. அவளுடைய அம்மாதான் கோமளா.

கோமளாக்கா பிறந்தது முத்தாபுதுப்பேட்டையில். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை பார்த்தவர்கள். கழனிகள் மனைகளாகிப் போனதும் அப்பா கொத்து வேலைக்குப் போனார். ஒன்பதாவது படிக்கும்போது கோமளாக்காவுக்குக் காய்ச்சல் வந்து, முட்டி இரண்டும் வீங்கி, இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். எழுந்தபோது முழுப்பரீட்சை முடிந்திருந்தது. மறுபடி பள்ளிக்கூடம் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அம்பத்தூரில் போல்ட்டு, நட்டு எடைபோட்டுப் பொட்டலம் கட்டும் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். பிறகு வெல்டர் தங்கவேலுவோடு கல்யாணம். சேக்காட்டில் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. இப்போது எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் எண்ணூறு பேருக்குச் சப்பாத்தி போடுகிறார். விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போய் மூன்று மணிக்குத் திரும்புவார். இந்த வாழ்க்கையில் அவர் பிடிவாதமாக ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். காவ்யா டாக்டராக வேண்டும். டாக்டராகிவிடுவாள் என்று மற்றவர்கள் சொல்லும்போது மட்டும் "நீ வாய வெச்சிகினு சும்மா இரு" என்று அதட்டிவிடுவார். கண் பட்டுவிடுமாம்.

காவ்யாவின் கவனம் முதல் வாரம் நாற்பத்தெட்டு. இரண்டாவது வாரம் ஐம்பத்தொன்று. ஆனால் அவள் எழுதிய தேர்வுகளில் அவள் பிரிவின் நூற்றைம்பது பேரில் எட்டாவது, ஆறாவது என்று வந்துகொண்டிருந்தாள். இது எப்படி என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை. போன் போட்டேன்.

"அவ கண்ண மூடிகினு நடந்துகினேதான் மேடம் கேப்பா. சின்ன வயசுலேர்ந்தே அப்டிதான். குந்த வெச்சா ஒண்ணும் ஏறாது" என்றார் கோமளாக்கா.

"கண்ணை மூடினா தூங்கறான்னு பட்டை எடுத்துக்கும்க்கா. நடந்தாலும் குறைச்சிடும். உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்க்கச் சொல்லுங்க. இந்த வாரமும் எழுபது வரலைன்னா சீட்டு போயிடும்."

எழுதிக் கொடுத்த வாசகத்தைத்தான் சொன்னேன். அன்று காவ்யா அம்மாவுக்குப் பயந்து உட்கார்ந்து கண்கொட்டாமல் திரையைப் பார்த்தாள். எழுபத்து மூன்று வந்தது. பாடம் முடிந்ததும் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. "பட்ட பச்சையா எரியுதா, செவப்பா எரியுதான்னுதாம்மா மூணு மணி நேரமும் பாத்துகினு இருந்தேன்" என்று அழுதாளாம்.

அடுத்த நாள் பாடத்துக்கு நடுவே காவ்யா கழிவறைக்குப் போனாள். பட்டையை மூன்று நிமிடத்துக்குமேல் கழற்றி வைத்தால் ‘வரவில்லை’ என்று விழுந்துவிடும். அந்தப் பயத்தில் கோமளாக்கா அதை எடுத்துத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டார். மகள் திரும்பி வரும்வரை சும்மா இருப்பானேன் என்று திரையையும் பார்த்தார். ஆசிரியர் சிறுநீரகம் நடத்திக்கொண்டிருந்தார். காவ்யா வந்து பார்த்தபோது டேப்பின் மூலையில் எண்பத்தெட்டு.

அன்றிலிருந்து பட்டை அம்மா நெற்றியில், பாடம் மகள் காதில். ஆறு மணிக்குக் கோமளாக்கா முகம் கழுவி, பொட்டை எடுத்துவிட்டு, டேப்பின் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். பின்னால் காவ்யா கண்ணை மூடிக்கொண்டு சுவருக்கும் கதவுக்கும் நடப்பாள். முதலில் கோமளாக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுப் பார்த்தார். மதிப்பெண் குறைந்தது. கீரையைத் தள்ளி வைத்தார். தங்கவேலு ஷிப்டு முடிந்து வந்தால் தட்டில் சோற்றை அவரே போட்டுக்கொள்ள வேண்டும். "இன்னா, ரெண்டு பேரும் டாக்டரா ஆவப் போறீங்களா" என்று கேலி செய்வார். கோமளாக்கா திரும்பமாட்டார். திரும்பினால் தலை அசைவு.

தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று மூன்று. எங்கள் ஆயிரத்து இருநூறு பிள்ளைகளில் அப்படி ஒரு கவனம் யாருக்கும் வந்ததில்லை. நாற்பது வயதில், ஒன்பதாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து ஒருத்தி பாடம் கேட்கிறாள் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? கேன்டீனில் மாவு பிசைந்துகொண்டே ‘இதுல கீற சத்து செல்லுக்குள்ள போய்த்தான் எரியுது’ என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்குவாராம். மாதக் கடைசியில் காவ்யா பெயருக்குக் ‘கவனச் சிகரம்’ என்று ஒரு சான்றிதழ் அனுப்பினோம். என் பொறுப்பில் இருந்த பிள்ளை என்பதால் எனக்கும் கைதட்டல். எங்கள் மேலாளர் ஜெகதீஷ், ஒரே போனில் ஐம்பதைத் தொண்ணூறாக்கியவள் என்று கூட்டத்தில் என்னை நிறுத்திக் காட்டினார்.

எனக்குச் சந்தேகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஒரே வாரத்தில் எந்தப் பிள்ளையும் அப்படி மாறாது. ஆனால் கைதட்டல் நன்றாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

டிசம்பரில் பட்டைக்குள் இருந்த மென்பொருளைப் புதுப்பித்தார்கள். நாடித்துடிப்பில் கோளாறு தெரிந்தால் எச்சரிக்கும் வசதி புதிதாகச் சேர்ந்தது. முதல் வாரத்திலேயே என் திரையில் ஓர் ஆரஞ்சுக் கட்டம் வந்து நின்றது. ‘மாணவி காவ்யா. துடிப்பு சீராக இல்லை. மருத்துவச் சான்று தேவை.’

போன் போட்டுச் சொன்னேன். கோமளாக்கா, "எம் பொண்ணுக்கு நெஞ்சுல கோளாறுன்றீங்களா மேடம்" என்று கேட்டார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

இதில்தான் எல்லோரும் கோட்டை விட்டோம். அறிக்கையில் காவ்யா என்று போட்டிருந்தது. அதனால் காவ்யாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நான்கு மாதமாகப் பட்டை யார் நெற்றியில் இருக்கிறது என்று அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் அந்த நான்கு மாதத்தில் பட்டையில் வருவதெல்லாம் காவ்யா கணக்கு என்று அவர்களுக்கே பழகிப்போயிருந்தது. தொண்ணூற்று மூன்று காவ்யாவுடையது, சான்றிதழ் காவ்யாவுடையது, கோளாறும் காவ்யாவுடையது. கோமளாக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆவடியில் அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "உங்க மிசினு பொய் சொல்து மேடம்." என்று கோமளாக்கா முதல் தடவையாக என்னிடம் கோபப்பட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். பட்டையைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டச் சொன்னேன். அதுவும் எழுதிக் கொடுத்த வாசகம்தான்.

அந்த நாட்களில் ஆவடி ஸ்டேஷன் படியில் ஏறும்போது கோமளாக்கா நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாராம். கேஸ் என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்திருக்கிறார்.

ஜனவரியில் பொங்கல் முடிந்து இரண்டாவது வகுப்பு. பாடம் இதயம். ஆசிரியர் நான்கு அறை, நான்கு வால்வு என்று படம் போட்டு நடத்திவிட்டு, உற்சாகத்தில் ஒன்று சொன்னார். "எல்லார் நெத்தியிலும் பட்டை இருக்கில்ல? டேப்ல உங்க துடிப்புக் கோட்டைத் திறந்து பாருங்க. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவுல இடைவெளி ஒரே அளவா இருக்கும்."

காவ்யா கண்ணைத் திறந்து, அம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கோட்டைத் திறந்தாள். இடைவெளி ஒரே அளவாக இல்லை. இரண்டு மேடு ஒட்டி வந்தது, ஒன்று தள்ளி வந்தது, அடுத்தது எப்போது வரும் என்றே தெரியவில்லை. பட்டையைக் கழற்றித் தன் நெற்றியில் கட்டிப் பார்த்தாள். ஆசிரியர் சொன்னபடி அளந்து வைத்த மாதிரி வந்தது. மறுபடி அம்மாவுக்குக் கட்டினாள். மறுபடி தாறுமாறு.

"ம்மா, மிசினு பொய் சொல்லல. அது உன் நெஞ்சும்மா."

கோமளாக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதிதானாம். என்னிடம் அவரே சொன்னார். மகளுக்கு ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறுதியானது. "சரி, எனக்குத்தானே. பரீட்ச முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்று திரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அவர் போட்ட கணக்கு இதுதான். ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னால் பட்டையை யார் கட்டிக்கொள்வது? காவ்யா கட்டினால் பழையபடி ஐம்பது. மூன்று வாரத்தில் சீட்டு போய்விடும். மே மாதம்வரை நான்கு மாதம்தானே, நெஞ்சு தாங்காதா?

காவ்யா கெஞ்சினாள், சாப்பிடாமல் கிடந்தாள். தங்கவேலு கத்திப் பார்த்தார். கோமளாக்கா அசையவில்லை. "இத்தினி வருஷம் ஓடுனது இன்னும் நாலு மாசம் ஓடாதா" என்று ஒரே பதில். ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாவது நாள், பாடம் தொடங்குவதற்கு முன்பு, என் அலுவலக எண்ணுக்கு ஒரு போன்.

"நிஷா மிஸ், நான் காவ்யா பேசறேன். இந்த கால் ரெக்கார்ட் ஆவுது இல்ல?"

ஆமாம் என்றேன். எங்கள் எல்லாப் பேச்சும் பதிவாகும்.

"அதுக்குத்தான் இதுல பேசறேன். ஆகஸ்டுலேர்ந்து அந்தப் பட்டய நான் போடல. எங்கம்மாதான் போட்டுக்கினு கீறாங்க."

"காவ்யா, வை. என் சொந்த நம்பர் தர்றேன், அதுல பேசு" என்றேன்.

"அதுல பேசினா நீங்க சீட்டக் காப்பாத்த பாப்பீங்க மிஸ். சீட்டு இருக்கற வரைக்கும் எங்கம்மா ஆஸ்பத்திரிக்கு வராது."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. நான்தான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். பட்டையை வேறொருவர் அணிந்தால் அன்றைக்கே நீக்கம் என்பது விதி. கடைசி இரண்டு தேர்வுகளில் அவள் முதலிடம் வாங்கியதை ஜெகதீஷிடம் காட்டினேன். "மார்க் வேற, கவனம் வேற நிஷா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பட்டையை அவர் நெற்றியிலேயே கட்டி இறுக்கியிருப்பேன். ஏழு மணிக்குள் காவ்யாவின் டேப் பூட்டப்பட்டது. ‘கவனச் சிகரம்’ பட்டியலில் இருந்தும் அவள் பெயரை எடுத்தார்கள். இடம் அடுத்த பெயரான உதயகுமாருக்குப் போனது.

டேப் இருண்டுபோனபோது கோமளாக்கா பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காவ்யா செய்ததைச் சொன்னதும் மகளை அடித்தார். பதினேழு வருஷத்தில் அதுதான் முதல் அடி. பிறகு அவளோடு பேசவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் தங்கவேலுவோடுதான் பேசினார். மகள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டபோது கோமளாக்காவுக்கு ஆச்சரியம். ஒன்பதாவது வகுப்பை விடவைத்த அந்தக் காய்ச்சல் இருபத்தாறு வருடமாக நெஞ்சுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இன்னும் சில மாதம் தள்ளியிருந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம், கை கால் விழுந்திருக்கலாம் என்றார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு, சின்ன பலூனால் வால்வை விரித்துவிட்டார்கள். துடிப்பைச் சீராக்க மருந்தும் கொடுத்தார்கள். மூன்றாவது நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த கருவியில் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கோமளாக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் நெஞ்சைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டுக்குப் போனேன். என் பழைய இயற்பியல், வேதியியல் புத்தகங்கள் சிலவற்றைக் காவ்யாவுக்குக் கொடுக்கலாம் என்று போனேன். குற்றவுணர்ச்சிக்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. அடுப்புக்கு மேலே அந்தச் சான்றிதழ் இன்னும் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அறையில் காவ்யா கண்ணை மூடிக்கொண்டு, எதையோ முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தாள். பள்ளி ஆசிரியை ஒருவர் கொடுத்த குறிப்புகளை வைத்து அவளாகவே படிக்கிறாள். பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம்.

கோமளாக்கா காபி போட்டுக் கொடுத்தார். மகளோடு இப்போது பேசுகிறாராம், தேவைக்கு மட்டும். அந்த உதயகுமார் எப்படிப் படிக்கிறான் என்று விசாரித்தார். பொய் சொல்ல வரவில்லை. அவனுக்கும் இரண்டு வாரமாக எழுபது வரவில்லை, அனேகமாக அந்த இடம் மறுபடி காலியாகும், காத்திருப்போர் பட்டியலும் தீர்ந்துவிட்டதால் மறுபடி விண்ணப்பம் வாங்குவார்கள் என்று உளறிவிட்டேன்.

கோமளாக்கா எழுந்து போய் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். அதில் ஆஸ்பத்திரிச் சீட்டும் கடைசியாக எடுத்த ஈசிஜி தாளும் இருந்தன. தாளை என் மடியில் விரித்து, ஒவ்வொரு மேட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"பாருங்க மேடம், எல்லாம் ஒரே அளவு. டாக்டரே சொல்ட்டாரு." குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னொருக்கா காவ்யாவச் சேத்து வுடுங்க. இப்போ நான் பட்டய கட்டினா அது காட்டிக் குடுக்காது இல்ல?"

பின்னால் காவ்யாவின் காலடிச் சத்தம் நின்றுபோயிருந்தது. தாள் என் மடியிலேயே இருந்தது.